கம்ப்யூட்டர் வந்துவிட்டது, பிள்ளை வாசிக்கிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் ஒரு பேச்சை அடிக்கடி கேட்கலாம். "எங்கள் பையன் கம்ப்யூட்டரில் புலி சார். நாங்கள் எதுவும் சொல்லித் தரவில்லை. தானாகவே எல்லாவற்றையும் திறக்கிறான்." நானும் என் அக்கா மகளைப் பற்றி இப்படித்தான் பெருமையாகச் சொல்லிக் கொண்டிருந்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வரை.

அக்கா வீடு தஞ்சாவூர்ப் பக்கம். மகளின் படிப்புக்கு உதவும் என்று கடன் வாங்கி ஒரு கம்ப்யூட்டரும் சிறிய பிரிண்டரும் வாங்கினார். சாப்ட்வேர் வேலையில் இருப்பவன் என்பதால், தேர்ந்தெடுத்து இன்ஸ்டால் செய்து கொடுத்தது நான்தான். மூன்றாம் வகுப்பு படிக்கும் குழந்தை இரண்டே வாரத்தில் மவுஸை என்னைவிட வேகமாக நகர்த்தினாள். பெயிண்ட் புரோகிராமில் படம் வரைந்தாள். பாட்டு கேட்டாள். அவளுக்காக டெஸ்க்டாப்பில் "படங்கள்", "பாடல்கள்" என்று தமிழில் பெயரிட்டு இரண்டு போல்டர்கள் வைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டெஸ்க்டாப் குப்பையாகக் கிடந்தது. ரைட் கிளிக் செய்து, 'சார்ட் பை' பிரிவில் 'நேம்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். ஐகான்கள் இடம் மாறி வரிசையாக நின்றன. சிறிது நேரத்தில் குழந்தை அழுது கொண்டே வந்தாள். "மாமா, என்னோட படத்தையெல்லாம் அழிச்சிட்டீங்களா?"

எதுவும் அழியவில்லை. போல்டர் இரண்டு இஞ்ச் தள்ளி, அதே திரையில், "படங்கள்" என்ற பெயருடன் இருந்தது. இத்தனை நாளும் அவள் அந்தப் பெயரை வாசிக்கவே இல்லை. மேலிருந்து மூன்றாவதாக இருக்கும் மஞ்சள் பெட்டி என்று இடத்தை மட்டும் நினைவில் வைத்திருந்தாள். இடம் மாறியதும் வழி தெரியவில்லை.

கம்ப்யூட்டர் தெரிவது வேறு, வாசிக்கத் தெரிவது வேறு என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. இதில் எங்களைப் போன்றவர்களின் பங்கும் உண்டு. எதையும் வாசிக்காமலே பயன்படுத்தும்படி ஒரு புரோகிராமை அமைத்துவிட்டால், அதை நல்ல வடிவமைப்பு என்று எங்கள் தொழிலில் பாராட்டுவார்கள். நிறம், படம், இடம் இவற்றை வைத்தே வேலை முடிந்துவிடும். பெரியவர்களுக்கு இது வசதி. வாசிக்கக் கற்றுக் கொண்டிருக்கும் பிள்ளைக்கோ, எழுத்தைப் பார்க்காமல் தப்பிக்க இது ஒரு வழி.

அதனால் கம்ப்யூட்டரை ஓரம் கட்ட வேண்டியதில்லை. அதற்கு வேறு வேலை கொடுத்தால் போதும். வீட்டில் உள்ள கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் பிள்ளைக்காக ஒரு சிறிய அச்சகமாக மாற்றும் வழியை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

முதலில், எந்தப் படியில் இருக்கிறது?

மார்க் ஷீட்டைப் பார்த்துப் பிள்ளையின் வாசிப்பை முடிவு செய்ய முடியாது. பாடத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பிள்ளை, புதிய பக்கம் ஒன்றைக் கொடுத்தால் திணறலாம். இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிட சோதனை ஒன்று இருக்கிறது.

பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005ஆம் ஆண்டு முதல் 'ஏசர்' என்ற ஆய்வை நடத்தி வருகிறது. கிராமத்து வீடுகளுக்கே நேரில் சென்று பிள்ளைகளை வாசிக்கச் சொல்வார்கள். 3ஆம் வகுப்புப் பிள்ளைகளில், 2ஆம் வகுப்பு நிலைப் பகுதியை வாசிக்க முடிந்தவர்கள் 2018ல் நாடு முழுவதும் நூற்றுக்குச் சுமார் 27 பேர். கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்ட பின் 2022ல் இது சுமார் 20 ஆகக் குறைந்தது. 2024ல் மீண்டும் 27 அளவுக்கு வந்தது. எனவே உங்கள் பிள்ளை திணறினால், அது உங்கள் வீட்டில் மட்டும் உள்ள பிரச்னை அல்ல.

அந்த ஆய்வில் பயன்படும் தாளைப் போல ஒன்றை நீங்களே தயாரிக்கலாம். அதில் நான்கு பகுதிகள் இருக்கட்டும்.

1. ஐந்து எழுத்துகள். ப, ம, ட, ல, க போல.

2. ஐந்து எளிய சொற்கள். பல், மரம், காகம், பூனை, தேன் போல.

3. நான்கு வரிப் பத்தி. எடுத்துக்காட்டாக: மழை பெய்தது. தெருவில் தண்ணீர் ஓடியது. நான் காகிதக் கப்பல் விட்டேன். அது வேகமாகப் போனது.

4. எட்டு முதல் பத்து வாக்கியங்கள் உள்ள சிறு கதை. பிள்ளை இதற்கு முன் பார்க்காததாக இருக்க வேண்டும்.

முதலில் பத்தியைக் கொடுங்கள். தடையின்றி வாசித்தால் கதைக்குப் போங்கள். ஒவ்வொரு சொல்லாக நின்று நின்று வாசித்தால் சொற்களுக்கு இறங்குங்கள். ஐந்தில் நான்கு சரியாக வராவிட்டால் எழுத்துகளுக்கு இறங்குங்கள். பிள்ளை எங்கே வசதியாக நிற்கிறதோ, அதுதான் அதன் படி. தாளில் தேதி போட்டுப் பத்திரமாக வையுங்கள். பரீட்சை என்று சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடவும் வேண்டாம்.

எங்கள் வீட்டுக் குழந்தை ஐந்து சொற்களில் நான்கை வாசித்தாள். பத்தியில் இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டாள். பக்கத்தில் நின்று கொண்டிருந்த அக்கா முகம் வாடிவிட்டது. "நாந்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்றார். கவனிக்காமல் விட்டது அக்கா மட்டுமல்ல, அந்த மஞ்சள் போல்டரைத் திறந்ததைப் பார்த்துக் கை தட்டிய நானும்தான்.

கம்ப்யூட்டருக்குத் தமிழ் கற்றுக் கொடுங்கள்

அடுத்து, தமிழில் டைப் செய்ய வசதி வேண்டும். விண்டோஸ் 11ல் இதற்காகத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். இண்டர்நெட் இணைப்பு இருந்தால் போதும்.

ஸ்டார்ட் பட்டனில் கிளிக் செய்து 'செட்டிங்ஸ்' செல்லுங்கள். அதில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்', பின்னர் 'லாங்குவேஜ் அண்ட் ரீஜியன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'ஆட் எ லாங்குவேஜ்' என்ற பட்டனைக் கிளிக் செய்தால் மொழிகளின் பட்டியல் கிடைக்கும். அதில் தமிழ், இந்தியா என்பதைத் தேர்ந்தெடுத்து 'நெக்ஸ்ட்' கொடுத்து 'இன்ஸ்டால்' செய்திடவும். இன்ஸ்டால் செய்வதற்கு முன் வரும் கட்டத்தில், விண்டோஸின் திரை மொழியாக இதை அமைக்கவா என்ற வரியில் டிக் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மெனுக்களும் தமிழுக்கு மாறி, பழகாதவர்களைக் குழப்பும்.

இப்போது பட்டியலில் தமிழுக்கு எதிரே மூன்று புள்ளிகள் தெரியும். அதைக் கிளிக் செய்து 'லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்' சென்று, 'கீபோர்ட்ஸ்' பகுதியில் 'ஆட் எ கீபோர்ட்' மூலம் 'தமிழ் 99' என்பதைச் சேர்த்துவிடுங்கள். இனி விண்டோஸ் கீயை அழுத்திக் கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும்.

ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழ் வரும் முறை இருக்கும்போது தமிழ் 99 எதற்கு என்று கேட்பீர்கள். பெரியவர்களுக்கு எது பழக்கமோ அது இருக்கட்டும். தமிழ் வாசிக்கக் கற்கும் பிள்ளைக்கு மட்டும் தமிழ் 99தான் நல்லது என்பேன். சென்னையில் 1999ல் நடந்த தமிழ் இணைய மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட கீபோர்ட் இது. உயிர் எழுத்துகள் இடது கைப் பக்கம் இருக்கும். மெய்கள் பெரும்பாலும் வலது கைப் பக்கம் இருக்கும். 'மா' வேண்டுமானால் முதலில் 'ம', அடுத்து 'ஆ' கீயைத் தட்ட வேண்டும். திரையில் இரண்டும் ஒட்டி 'மா' ஆகும்.

"அம்மா" என்று டைப் செய்து பாருங்கள். ஆங்கில ஏ உள்ள கீயில் அ. கே உள்ள கீயில் ம. எஃப் உள்ள கீயில் புள்ளி. மறுபடியும் கே. கடைசியில் க்யூ உள்ள கீயில் ஆ. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்று பள்ளியில் சொல்லித் தருவதைப் பிள்ளை தன் விரலால் செய்து பார்க்கிறது. 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி என 31 கீகள் தெரிந்தால், ஆய்தம் தவிர மற்ற 246 எழுத்துகளும் கைக்கு வந்துவிடும். 247 என்ற எண்ணைக் கேட்டு மிரளும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல்.

சிறிய காகிதத் துண்டுகளில் தமிழ் எழுத்துகளை எழுதி, செலோ டேப்பால் கீகளின் மேல் ஒட்டுங்கள். உயிருக்கு ஒரு நிறம், மெய்க்கு இன்னொரு நிறம். ஒட்டும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். அதுவும் ஒரு பாடம்தான்.

பிள்ளை சொல்ல, நீங்கள் டைப் செய்யுங்கள்

இப்போது முக்கியமான வேலைக்கு வருவோம். முதல் புத்தகத்தைக் கடையில் தேட வேண்டாம். அது பிள்ளையின் வாயில் இருக்கிறது.

நியூசிலாந்தில் மாவோரி இனப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய சில்வியா ஆஷ்டன் வார்னர் என்ற ஆசிரியை இதை வகுப்பில் செய்து காட்டியவர். பாடப் புத்தகத்தின் சொற்கள் அந்தப் பிள்ளைகளின் மனதில் ஒட்டவில்லை. எனவே ஒவ்வொரு பிள்ளையிடமும் அதற்கு முக்கியமான ஒரு சொல்லைக் கேட்டு, அதை அட்டையில் எழுதிக் கொடுத்தார். தனக்குப் பயம் தரும் சொல்லையும் ஆசை தரும் சொல்லையும் பிள்ளைகள் உடனே வாசித்தார்கள். இந்த அனுபவத்தை 1963ல் புத்தகமாகவும் எழுதினார்.

நாம் அட்டைக்குப் பதில் பிரிண்டரைப் பயன்படுத்தலாம். வேர்ட் புரோகிராம் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பை இறக்கி, அதில் உள்ள 'ரைட்டர்' புரோகிராமைத் திறக்கலாம். 'நிர்மலா யூஐ' எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, அளவை 40 என வையுங்கள். பிறகு பிள்ளையிடம் கேளுங்கள்: "நேற்று நம் வீட்டில் என்ன நடந்தது?"

எங்கள் குழந்தை சொன்னது இது: "எங்க வீட்டுக்குள்ள பூனை வந்துச்சு. பால குடிச்சிருச்சு. அப்பாயி கம்ப எடுத்துட்டு வந்தாங்க. பூனைய பாத்து அப்பாயிதான் பயந்துட்டாங்க."

இங்கே ஒரு சிக்கல். பேச்சுத் தமிழை அப்படியே டைப் செய்வதா, "குடித்துவிட்டது" என்று மாற்றுவதா? நான் முதலில் மாற்றித்தான் டைப் செய்தேன். அவள் தாளைப் பார்த்து "குடிச்சிருச்சு" என்று படித்தாள். பக்கத்தில் இருந்தது வேறு எழுத்து. அதாவது அவள் வாசிக்கவில்லை. தான் சொன்னதை நினைவிலிருந்து திருப்பிச் சொன்னாள். தமிழ் வாசிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு இது ஒரு தனிச் சுமை. வீட்டில் கேட்பது ஒரு தமிழ், தாளில் இருப்பது இன்னொரு தமிழ்.

அதனால் முதல் இரண்டு மூன்று புத்தகங்களில் பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே டைப் செய்யுங்கள். வாயில் வந்த சொல்லும் தாளில் உள்ள சொல்லும் ஒன்றாக இருந்தால்தான், எழுத்து என்பது பேச்சின் படம் என்று அதற்குப் புரியும். அது பிடிபட்ட பிறகு, அதே கதையை எழுத்துத் தமிழில் இன்னொரு முறை அச்சிட்டு, "புத்தகத்தில் இப்படி எழுதுவார்கள்" என்று பக்கத்தில் வையுங்கள். இரண்டையும் ஒப்பிடுவது பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாகிவிடும். பள்ளிப் பாடத்துக்குப் போகும் பாலமும் அதுவே.

எட்டுப் பக்கப் புத்தகம் தயார்

ஒரு பக்கத்துக்கு ஒரு வாக்கியம் போதும். முன் அட்டை, பின் அட்டை சேர்த்து எட்டுப் பக்கங்கள் வரும்படி அமையுங்கள். மடித்துத் தைக்கும் புத்தகத்தில் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். படத்தைப் பிள்ளை பெயிண்டில் வரையலாம். படத்துக்கு இடம் விட்டு அச்சிட்டு, பிறகு கிரேயானில் வரையச் சொன்னால் இங்க் செலவு குறையும்.

முடிந்ததும் பைலைப் பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள். அதை அடோபி அக்ரோபேட் ரீடரில் திறந்து, பிரிண்ட் கட்டளை கொடுத்தால் வரும் டயலாக் பாக்ஸில் 'புக்லெட்' என்ற பட்டன் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால், எந்தப் பக்கம் எந்தத் தாளில் வர வேண்டும் என்பதைப் புரோகிராமே கணக்கிட்டுக் கொள்ளும். எட்டுப் பக்கங்களுக்கு இரண்டு ஏ4 தாள்கள்தான் செலவு.

பல வீட்டுப் பிரிண்டர்கள் தாளைத் தானே திருப்பி மறுபக்கம் அச்சிடாது. அப்படியானால் 'புக்லெட் சப்செட்' என்ற இடத்தில் 'ஃப்ரண்ட் சைட் ஒன்லி' தேர்ந்தெடுத்து ஒருபுறம் அச்சிடுங்கள். தாள்களைத் திருப்பி வைத்து 'பேக் சைட் ஒன்லி' கொடுங்கள். எந்தப் பக்கமாகத் திருப்ப வேண்டும் என்பது பிரிண்டருக்குப் பிரிண்டர் மாறும். எனவே வேண்டாத தாளில் ஒருமுறை சோதித்துக் கொள்ளுங்கள். ஏ4 பக்கம் பாதியாக மடிவதால் எழுத்தும் சுருங்கும். 40 என நீங்கள் வைத்த அளவு அச்சில் 28 அளவுக்கு வரும். வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு அதுதான் சரியான அளவு.

சாதாரண ஸ்டேப்ளர் தாளின் நடு மடிப்பு வரை எட்டாது. ஊசி நூலால் மூன்று தையல் போட்டால் போதும். முன் அட்டையில் பிள்ளையின் பெயரை ஆசிரியர் பெயராகப் போட மறக்காதீர்கள். எங்கள் வீட்டில் "பூனையும் அப்பாயியும்" வெளிவந்த அன்று, அவள் அதை எத்தனை முறை வாசித்தாள் என்று யாரும் எண்ணவில்லை. அப்பாயி மட்டும், "என்னையக் கோழைன்னு அச்சடிச்சிட்டீங்களேடா" என்றார்.

இலவசமாகக் கிடைக்கும் கதைகள்

சொந்தப் புத்தகங்கள் ஐந்தாறு ஆன பிறகு, பிள்ளை வெளிக் கதைகளைக் கேட்கத் தொடங்கும். பிரதம் புக்ஸ் 2015ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற வெப் சைட்டில் தமிழ் உட்படப் பல மொழிகளில் படக் கதைகள் உள்ளன. கூகுளில் இந்தப் பெயரைக் கொடுத்துத் தேடினால் கிடைக்கும். இதில் கதைகள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதல் நிலையில் ஒரு பக்கத்துக்கு ஓரிரு எளிய வாக்கியங்கள் இருக்கும். நான்காம் நிலையில் நீண்ட கதைகள். வகுப்பைப் பார்க்காமல், மேலே சொன்ன சோதனையில் பிள்ளை நின்ற படியைப் பார்த்து நிலையைத் தேர்ந்தெடுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை முதல் நிலைக் கதை படித்தால் குறைவில்லை. படித்து முடித்தோம் என்ற திருப்திதான் அடுத்த கதையைத் திறக்க வைக்கும்.

இந்தக் கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தில் வெளியாகின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டு நீங்கள் டவுண்லோட் செய்யலாம், அச்சிடலாம், வகுப்பில் கொடுக்கலாம். பயம் வேண்டாம்.

நன்றாக வாசிக்கும் பெரிய பிள்ளைகளுக்கு, பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய 10 தொகுதிக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் கிடைக்கிறது. 1968 முதல் 1976 வரை வெளிவந்தது என்பதால் அறிவியல் தகவல்கள் பழையவை. அதையே ஒரு வேலையாகக் கொடுக்கலாம். அதில் ஒரு கட்டுரையை வாசித்து, 2003ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் அதே தலைப்பைத் தேடி, என்ன மாறியிருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள்.

காது கேட்க, கண் தொடரட்டும்

எட்ஜ் பிரவுசரில் 'ரீட் அலவுட்' என்ற வசதி உண்டு. கண்ட்ரோல், ஷிப்ட் கீகளுடன் யு கீயை அழுத்தினால் திறந்திருக்கும் பக்கத்தை அது வாசிக்கும். 'வாய்ஸ் ஆப்ஷன்ஸ்' பகுதியில் பல்லவி, வள்ளுவர் என்ற தமிழ்க் குரல்கள் கிடைக்கும். வேகத்தைக் குறைத்து வையுங்கள். வாசிக்கும் சொல் திரையில் நிறம் மாறிக் காட்டும். படமாக ஸ்கேன் செய்த பக்கங்களில் இது வேலை செய்யாது.

காதும் கண்ணும் சேர்ந்தால் வாசிப்பு வளரும் என்பதை அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் பணியாற்றிய பிரிஜ் கோத்தாரி 1996 முதல் வலியுறுத்தி வருகிறார். டிவியில் வரும் சினிமாப் பாட்டின் வரிகளை அதே மொழியில் கீழே ஓட விட வேண்டும் என்பது அவர் யோசனை. வீட்டில் பாட்டு ஓடும்போது தமிழ் வரிகள் உள்ள வீடியோவாகத் தேர்ந்தெடுப்பது இதே வழிதான். அதற்குத் தனி நேரம்கூட வேண்டாம்.

ஆனால் எந்தக் குரலும் வீட்டுக் குரலுக்கு ஈடாகாது. அத்தான் லாரி ஓட்டுபவர். மாதத்தில் பாதி நாள் வெளியூர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். மகளுக்கு வாசித்துக் காட்டச் சொன்னால் கூச்சப்படுவார். ஒரு கதையை அச்சிட்டு அவர் பையில் வைத்து, போனில் பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் வந்தது. நடுவில் ஹார்ன் சத்தம், திணறல் எல்லாம் உண்டு. அதைக் கம்ப்யூட்டரில் "அப்பா கதை" என்ற போல்டரில் போட்டோம். பெயரை டைப் செய்தது அவள்தான்.

கையில் அதே கதையை வைத்துக் கொண்டு, விரலால் வரியைத் தொடர்ந்தபடி கேட்டாள். திடீரென்று நிறுத்தினாள். "மாமா, அப்பா 'பெரிய'ங்கற வார்த்தைய விட்டுட்டாங்க. புத்தகத்துல இருக்கு பாருங்க."

பார்த்தேன். இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்பு போல்டரின் பெயரைப் படிக்காத பிள்ளை, விட்டுப்போன ஒரு சொல்லைக் கண்டுபிடித்துவிட்டாள். போனில் இதைச் சொன்னதும் அத்தான் சிரித்தார். அடுத்த கதையை இரண்டு முறை வாசித்துப் பழகிவிட்டுத்தான் அனுப்பினார்.

பள்ளிக்கும் கொண்டு போங்கள்

வீட்டில் செய்வது ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். தமிழக அரசு 2022ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வாரியாகப் பிரித்துப் பாடம் நடத்தும் முறை வந்தது. அரசுப் பள்ளியில் பிள்ளை இருந்தால், எத்தனை மார்க் என்று கேட்பதை விட, வாசிப்பில் எந்த நிலையில் இருக்கிறது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். நீங்கள் தேதி போட்டு வைத்த தாளையும் காட்டுங்கள்.

அச்சிட்ட புத்தகத்தில் ஒரு பிரதியை வகுப்புக்குக் கொடுத்து அனுப்புங்கள். வகுப்பில் ஒரு கயிறு கட்டித் துணி கிளிப்பில் தொங்கவிட்டால் அதுவே ஒரு நூலகம். தன் தோழி எழுதிய கதை என்றால் மற்ற பிள்ளைகள் எடுத்துப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளை இருந்தால், அதன் கதையையும் உங்கள் வீட்டிலேயே டைப் செய்து கொடுங்கள். இரண்டு தாள்தான் செலவு.

சில எச்சரிக்கைகள்

கம்ப்யூட்டரை எல்லோரும் நடமாடும் கூடத்தில் வையுங்கள். பிள்ளை உட்காரும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். வீடியோ தளங்களில் 'ஆட்டோபிளே' வசதியை நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது தானே ஓடும், நேரம் போவதே தெரியாது. 2 வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் கூறியது.

வாரக் கணக்கு இப்படி இருக்கட்டும். ஞாயிறு அன்று அரை மணி நேரம் டைப் செய்து அச்சிடுங்கள். மற்ற ஆறு நாட்களும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, தாளை வைத்துப் பத்து நிமிடம் சேர்ந்து வாசியுங்கள். பிள்ளை தடுமாறும் சொல்லை உடனே சொல்லிவிடாமல், மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அதற்குள் பாதிச் சொற்கள் தானே வந்துவிடும். வராததைச் சொல்லிக் கொடுத்துவிட்டு மேலே போங்கள். மாதம் ஒரு முறை அந்தச் சோதனைத் தாளைப் புதிய வாக்கியங்களுடன் மறுபடி கொடுத்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டு டெஸ்க்டாப்பில் ஐகான்களை ஒருமுறை இடம் மாற்றி வைத்து, பிள்ளையை அழைத்து, அதற்குப் பிடித்த போல்டரைத் திறக்கச் சொல்லுங்கள். பெயரை வாசித்துத் திறக்கிறதா, பழைய இடத்தில் தேடுகிறதா என்று கவனியுங்கள். பழைய இடத்தில் தேடினால் திட்ட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "நேத்து என்ன நடந்துச்சு, சொல்லு" என்று கேட்டுவிட்டு டைப் செய்யத் தொடங்குங்கள்.